எங்களைக் கோப்பையிலிருந்து வெளியேற்றக் கோரும் விண்ணப்பம்

தார்ன்லி பிரிட்ஜ்,
ஏப்ரல் 14, ஞாயிறு மதியம்

கவுண்டிக் கோப்பைக் குழுவின் மதிப்பிற்குரிய செயலாளரும், என் மனைவி மார்ஜரியின் உடன்பிறந்த அண்ணனும், அந்த வகையில் எனக்கு மச்சானுமாகிய திரு. வில்ஃபிரட் சக்டன் அவர்களுக்கு, தார்ன்லி பிரிட்ஜ் ரோவர்ஸ் கால்பந்துக் கழகத்தின் தலைவரும் உருளைக்கிழங்கு மொத்த வியாபாரியுமாகிய கிளிஃபோர்டு என்ட்விசில் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் மார்ஜரியும் சுகம். தங்கள் முழங்காலும் தங்கள் வீட்டம்மா ஈனிடின் ரோஜாச் செடிகளும் குணமடைந்து வருவதாகக் கேள்விப்பட்டு மகிழ்ந்தோம். மழை நின்றபாடில்லை. அதுவும் சுகமாகத்தான் இருக்கிறது.

மரியாதை இத்தோடு போதும் மச்சான், விஷயத்துக்கு வருகிறேன். தொலைபேசியில் மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். மூன்று தடவையும் நீ, "எதுவா இருந்தாலும் எழுத்துமூலமா, கையெழுத்துப் போட்டு அனுப்பு. விதி அப்படி"ன்னு போனை வைத்துவிட்டாய். சரி, இதோ எழுத்துமூலம். நாங்கள் குற்றம் செய்துவிட்டோம். போன வியாழக்கிழமை காலிறுதியில், ஆடத் தகுதியில்லாத ஒருவனைத் தெரிந்தே ஆடவிட்டோம். உன் விதிப்படி எங்களைக் கோப்பையிலிருந்து வெளியேற்ற வேண்டும். வருகிற வியாழக்கிழமை அரையிறுதிக்கு முன்னால் வெளியேற்ற வேண்டும். புதன்கிழமையே முடிந்தால் உனக்குப் புண்ணியம்.

ஏன் இந்த அவசரம் என்றால், எங்கள் கழகம் தொடங்கித் தொண்ணூற்றொரு வருடம் ஆகிறது. ஒரு தடவைகூட மேல் பிரிவுக்குப் போனதில்லை. கீழ்ப் பிரிவுக்கு இரண்டு தடவை போயிருக்கிறோம், அதற்கு யாரும் தடை சொல்லவில்லை. இந்த வருடம் லீக்கில் இரண்டாமிடத்தில் நிற்கிறோம். மிச்சமிருப்பது இரண்டே ஆட்டம். நாளை மறுநாள் செவ்வாய்க்கிழமை, பட்டியலின் அடியில் கிடக்கும் ஹென்லாக்கிடம் தோற்காமல் வர வேண்டும். சனிக்கிழமை எங்கள் மைதானத்தில், முதலிடத்தில் இருக்கும் கால்டர்ஷாவை வெல்ல வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் முதலிடமும் மேல் பிரிவும் எங்களுக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில், கல்யாணப் பந்தலுக்குக் குறுக்கே படுத்த மாடு மாதிரி, உன் அரையிறுதி படுத்திருக்கிறது.

ஆகஸ்டில் நாலு போட்டிக்கும் பெயர் கொடுத்தது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். லீக், லீக் கோப்பை, சின்னக் கழகங்களுக்கான தேசியக் கோப்பை, உன் கவுண்டிக் கோப்பை. நாலு சந்தையில் கடை போட்டவன் ஒரு சந்தையிலாவது விற்றுவிடுவான் என்ற வியாபாரப் புத்தி. காலையில் வீடு வீடாகத் தபால் கொடுத்துவிட்டு மாலையில் எங்களுக்கு மேனேஜராக இருக்கும் கார்டன் ஹெஸ்கெத் அப்போதே தலையைச் சொறிந்தான். "பதினோரு பேரை வச்சுக்கிட்டு நாலு போட்டி ஆட முடியாது தலைவரே. ஆளுங்களைச் சுழற்சியில விடணும். பெரிய கழகம் எல்லாம் அப்படித்தான் செய்யுது" என்றான். "பெரிய கழகத்துல அறுபது பேர் இருக்கான்டா. நம்மகிட்ட இருக்கறது இருபத்திரண்டு. அதுலயும் ஒருத்தனுக்குக் கண்ணாடி கழட்டினா கோல் கம்பமே தெரியாது" என்றேன். கொஞ்சமும் யோசிக்காமல், "அவனை வியாழக்கிழமைக்கு வச்சுக்கலாம்" என்றான். அப்படிப் பிறந்ததுதான் வியாழக்கிழமை அணி. கழகக் கூடத்தில் ஒரு கொடிக்கயிறு கட்டி, துணி மாட்டும் கிளிப்பில் ஆளாளுக்குப் பெயர் எழுதி, சிவப்பு கிளிப் சனிக்கிழமை லீக் ஆட்டத்துக்கு, நீல கிளிப் வியாழக்கிழமை உன் கோப்பைக்கு என்று தொங்கவிட்டான். சிவப்பில் எங்கள் முத்துக்கள் பதினோரு பேர். நீலத்தில் மிச்சம். மைதானத்துக்கு வந்து வேடிக்கை பார்த்தவர்களில் யார் யார் சொந்தமாகக் காலணி வைத்திருந்தார்களோ அவர்கள் என்றுகூடச் சொல்லலாம்.

உன்னிடம் ஒளிப்பானேன், கணக்கு எளிமையானது. வியாழக்கிழமைக்காரர்கள் முதல் சுற்றிலேயே மரியாதையாகத் தோற்பார்கள், உன் கோப்பை எங்கள் தலையை விட்டு இறங்கும், சிவப்புக்காரர்கள் ஓய்வெடுத்துச் சனிக்கிழமை பிளந்து கட்டுவார்கள். அக்டோபரில் முதல் சுற்று. எங்கள் முன்கள வீரன் நைஜல் பிக்கர்ஸ்டாஃப், வயது நாற்பத்தொன்று, கூரை வேய்கிறவன், அவன் ஏறினால் ஏணி அழும். எதிரணியின் கோல் வாயில் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அவர்களுடைய தடுப்பாட்டக்காரன் ஓங்கி உதைத்த பந்து இவனுடைய பின்பக்கத்தில் பட்டு, வந்த வழியே திரும்பி வலைக்குள் போய்விட்டது. ஒன்று–பூஜ்யம். கயிற்றைக் கட்டி முடித்து நிமிர்ந்து, "ஏன் எல்லாரும் என்மேல விழுறீங்க?" என்று கேட்டான். நான் சிரித்தேன் மச்சான். அன்றைக்கு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. டிசம்பரில் இரண்டாவது சுற்று. இடைவேளையில் மூன்று–பூஜ்யம் என்று அருமையாகத் தோற்றுக்கொண்டிருந்தோம். நான் நிம்மதியாகச் சூடான இறைச்சிச் சாறு குடிக்கப் போனேன். அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. குவளையைக் கீழே வைத்துவிட்டு வந்தால் மைதானத்தையே காணவில்லை. உள்ளேயிருந்து அவ்வப்போது விசில் சத்தமும் கெட்ட வார்த்தைகளும் கேட்டன. கடைசியில் நடுவர் பனியிலிருந்து வெளியே வந்து, நாலு–மூன்று, தார்ன்லி பிரிட்ஜ் வெற்றி என்றார். அந்த நாலு கோலை யார் அடித்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆறு பேர் உரிமை கொண்டாடுகிறார்கள், அதில் எங்கள் கோல்கீப்பரும் ஒருவன்.

பிப்ரவரியில் நீ எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினாய், நினைவிருக்கிறதா? 'கோப்பையின் மாண்பு கருதி, இருப்பதிலேயே பலமான அணியைத்தான் களமிறக்க வேண்டும்' என்று. நான் உடனே தொலைபேசியில், "ஆமாம், பலவீனமான அணியைத்தான் அனுப்பறேன், தண்டனை கொடு" என்றேன். அதற்கு நீ, "ஜெயிச்சுக்கிட்டே இருக்கற அணியைப் பலவீனமான அணின்னு நான் எப்படிய்யா எழுதறது?" என்று கேட்டாய். அந்த மாதமே மூன்றாவது சுற்றையும் பெனால்டியில் ஜெயித்துத் தொலைத்தார்கள்.

சரி, இவர்கள் ஜெயித்தால் ஜெயிக்கட்டும், ஓய்வெடுத்த முத்துக்களாவது மினுங்கினார்களா என்றால், அந்தக் கதையை எங்கே போய்ச் சொல்ல. ஆடினால் அடிபடாத பயல்கள் ஓய்வெடுத்தால் அடிபடுகிறார்கள். வியாழக்கிழமை ஓய்வு என்று வீட்டில் விட்டால், "சும்மாத்தானே இருக்கீங்க" என்று வீட்டுக்காரிகள் வேலை கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் கேப்டன் டெனிஸ் ஹோல்ராய்டு விட்டத்துக்குச் சாயம் பூசப் போய் ஏணியிலிருந்து விழுந்தான், மூன்று வாரம். சிவப்பு அணியின் முன்கள வீரன் மாமியாரின் பியானோவை மாடிக்கு ஏற்றப் போய் முதுகு பிடித்துக்கொண்டது, ஒரு மாதம். இன்னொருவன் ஒன்றுமே செய்யாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தான், பூனை கடித்துவிட்டது. தேசியக் கோப்பையில் ஓய்வெடுத்த கால்களோடு போய் ஐந்து கோல் வாங்கிக்கொண்டு வந்தோம். லீக் கோப்பையும் அப்படியே போச்சு. "நல்ல ஆட்டக்காரங்களுக்கு ஓய்வு கொடுக்கறதை நிறுத்துடா" என்று ஹெஸ்கெத்திடம் சொன்னேன். "நிறுத்தினா களைச்சுப் போயிடுவாங்க தலைவரே." "களைச்சவன் ஓடுவான்டா, மெதுவாவாவது ஓடுவான். பூனை கடிச்சவன் ஓடுவானா?" அவன் தபால்காரன் அல்லவா, எதைச் சொன்னாலும் வாங்கிக்கொள்வான், திறந்து பார்க்க மாட்டான்.

இதற்கு நடுவில் ஜனவரி முழுக்க மைதானம் உறைந்து கிடந்தது, மார்ச்சில் ஆறு உள்ளே வந்துவிட்டது. தள்ளிப்போன ஆட்டமெல்லாம் சேர்ந்து ஏப்ரலில் வந்து விழுந்தன. இருபது நாளில் ஒன்பது ஆட்டம். சட்டை காய நேரமில்லை. கொடிக்கயிற்றில் சிவப்பும் நீலமும் கலந்து கிளிப் தட்டுப்பாடு வந்து, மார்ஜரி எங்கள் வீட்டுக் கொடியிலிருந்து கொடுத்தாள். இப்போது என் உள்பனியனெல்லாம் வேலிமேல் காய்கிறது. அப்போதுதான் முடிவு செய்தேன், இந்தக் கோப்பையிலிருந்து தோற்று வெளியேறுவது எங்களால் ஆகாது, விதியை மீறித்தான் வெளியேற வேண்டும் என்று.

டேல் கிராப்ட்ரீ என்று ஒரு பயல், ரொட்டி வண்டி ஓட்டுகிறவன், ஜனவரியில் ஓர்ம்ஸ்லி கழகத்திலிருந்து எங்களிடம் வந்தான். செப்டம்பரில் ஓர்ம்ஸ்லிக்காக இதே கவுண்டிக் கோப்பையின் தகுதிச் சுற்றில் ஆடியதாக அவனே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு பருவத்தில் இந்தக் கோப்பையில் ஒரு கழகத்துக்காக ஆடியவன் இன்னொரு கழகத்துக்காக ஆடக்கூடாது, உன் விதிப்புத்தகம் பதினான்காவது பக்கம், நான் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். போன வியாழக்கிழமை காலிறுதியில் அவனை இறக்கினேன். பட்டியலில் அவன் பெயரைக் கொட்டை எழுத்தில், இரண்டு தடவை கீழே கோடிழுத்து எழுதிக் கொடுத்தேன். ரொட்டி வண்டியில் வைத்த பன் மாதிரி மைதானமெங்கும் உருண்டு இரண்டு கோல் போட்டான் படுபாவி. மூன்று–இரண்டு, வெற்றி. ஆனாலும் எனக்கு வருத்தமில்லை. எதிரணி புகார் கொடுக்கும், நாங்கள் வெளியே, கதை முடிந்தது என்று மனசுக்குள் பாடிக்கொண்டே, அந்த எதிரணியான மோஸ்கேட் டவுன் கழகத்தின் தலைவர் ஸ்டான்லி பிக்கப்பை மசித்த பட்டாணித் தட்டோடு ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். செங்கல் வியாபாரி, நல்ல மனுஷன், என்னைப் போலவே தள்ளுவண்டியிலிருந்து மேலே வந்தவர்.

"ஸ்டான்லி, ஒரு விஷயம். எங்க கிராப்ட்ரீ செப்டம்பர்ல ஓர்ம்ஸ்லிக்கு ஆடினவன். நீ புகார் கொடு."

"தெரியுமே" என்றார், பட்டாணியிலிருந்து தலையெடுக்காமல்.

"தெரியுமா! எப்போ தெரியும்?"

"ஆட்டத்துக்கு முன்னாடியே. நீதான் விளம்பரப் பலகை மாதிரி எழுதிக் குடுத்திருந்தியே."

"அப்ப குடுய்யா புகாரை!"

"எதுக்கு? உன்னை வெளிய தள்ளினா அரையிறுதி யாரு ஆடறது? நான்தானே! எனக்கும் சனிக்கிழமை ஆட்டம் இருக்கு கிளிஃபோர்டு. தோத்தா கீழ்ப் பிரிவு. உன்னை நம்பித்தானே இன்னிக்கு வந்தேன்."

"என்னை நம்பியா?"

"எங்க கோல்ல நின்னது யாருன்னு நினைச்சே? எங்க பஸ் டிரைவர்யா! தோக்கறதுக்கு நான் என்ன பாடுபட்டேன்னு உனக்குத் தெரியாது. நடுவுல நீங்க ரெண்டு கோல் வாங்கினப்ப எனக்கு உயிரே போச்சு."

முப்பது வருட வியாபாரத்தில், என்னைவிட விலை குறைத்து ஒருவன் சரக்கைத் தள்ளிவிட்டது அன்றைக்குத்தான். கை குலுக்கினேன், வேறென்ன செய்ய.

ஆகவே மச்சான், எதிரணி புகார் கொடுக்காததால் நானே என் கழகத்தின்மேல் புகார் கொடுக்கிறேன். இதில் உன் தங்கைக்குச் சம்மதமில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் இப்போதெல்லாம் சனிக்கிழமை ஆட்டத்துக்கு வருவதே இல்லை. வியாழக்கிழமை மட்டும் பிளாஸ்க்கில் தேநீரும், பள்ளிக்கூடத்து மணி ஒன்றும் எடுத்துக்கொண்டு வந்து, பிக்கர்ஸ்டாஃப் பந்தைத் தொட்டால் மணியடிக்கிறாள். அதனால் அதிகம் அடிக்க வேண்டியிருப்பதில்லை. இந்தக் கடிதத்தில் கிராப்ட்ரீயின் பெயரை எழுதும்போதே பின்னால் வந்து நின்றுவிட்டாள்.

"அண்ணனுக்கு என்ன எழுதற?"

"வியாபார விஷயம்."

"உருளைக்கிழங்கு விஷயத்துல கிராப்ட்ரீ எங்கேர்ந்து வந்தான்? கிளிஃப், உனக்கு வெக்கமா இல்ல? அவங்க வாழ்க்கையில ஒரே ஒரு அரையிறுதி. அந்த பிக்கர்ஸ்டாஃப் அடுத்த வருஷம் ஆடுவானா சொல்லு."

"அடுத்த பத்து நிமிஷம் ஆடுவானான்னே எனக்குச் சந்தேகம்."

"போடு, கடிதத்தைத் தாராளமா தபால்ல போடு. நம்ம கிடங்குக் கூரை பறந்தா நீயே மேல ஏறு."

கோபத்தில் வெளியே போய்க் கேக் சுடுகிறாள். வியாழக்கிழமைக்காரர்களுக்குத்தான், எனக்கில்லை. அவள் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் தொண்ணூற்றொரு வருடம் மச்சான். என் அப்பா அந்தத் தகரக் கொட்டகையில் நின்று நனைந்து, மேல் பிரிவு பார்க்காமலே கண்ணை மூடினார். நானாவது பார்க்க வேண்டாமா? வியாழக்கிழமை அரையிறுதி நடந்தால், நீல கிளிப் ஆட்களில் நாலு பேர் காயம் என்பதால் சிவப்பிலிருந்து நாலு பேரை எடுக்க வேண்டும். எடுத்தால் சனிக்கிழமை அவர்கள் களைத்திருப்பார்கள். எடுக்காவிட்டால் அவர்கள் ஓய்வெடுப்பார்கள், அது அதைவிட ஆபத்து. எப்படிப் பார்த்தாலும் உன் கோப்பைதான் இடிக்கிறது. தயவுசெய்து எங்களைத் துரத்து. மன்னிப்பு, எச்சரிக்கை, கருணை, எதுவும் வேண்டாம். உறவுக்காரன் என்று பார்க்காதே. உறவுக்காரன் என்று பார்த்துத்தான் கேட்கிறேன், கடுமையாக நடந்துகொள்.

உன் முழங்கால் மழையிலும் மடங்கி நீள, உன் வீட்டு ரோஜாக்கள் பூச்சியில்லாமல் பூக்க, உன் குழுவில் எல்லோரும் ஒரே பேச்சாய் எங்களுக்கு எதிராகக் கை தூக்க மனமார வாழ்த்தி முடிக்கிறேன். ஈனிடுக்கு எங்கள் இருவரின் அன்பு.

இப்படிக்கு,
தண்டனையை ஆவலோடு எதிர்பார்க்கும்,
கிளிஃபோர்டு என்ட்விசில்
(தலைவர், குற்றவாளிக் கழகம்)

பின்குறிப்பு – புதன் காலை:

மச்சான், மேலே உள்ளதை நம்பாதே. என் கடிதமெல்லாம் ஆர்டர் புத்தகத்தில் கார்பன் வைத்து எழுதுவது வழக்கம். நீ கையில் வைத்திருப்பது கார்பன் பிரதி. அசல் திங்கட்கிழமை காலையே தபாலில் போய்விட்டது. இருப்பதில் மலிவான தபால்தலை ஒட்டியிருந்ததால் இன்று மதியமோ நாளையோதான் வரும். என் கஞ்சத்தனத்துக்காக முதல் தடவையாக நானே கடவுளுக்கு நன்றி சொன்னேன். அது வந்ததும் பிரிக்காமல் மார்ஜரியிடம் கொடுத்துவிடு. இதைப் பத்து மணி பஸ்ஸில் அவளே கொண்டுவருகிறாள். எந்தக் கடிதத்தைப் படிக்கக்கூடாது என்று உனக்கு ஐயமில்லாமல் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் முழுப் பிரதியையும் அனுப்பியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். நேற்று ஹென்லாக்கிடம் இரண்டு–பூஜ்யம் தோற்றோம். பட்டியலின் அடியில் கிடக்கும் ஹென்லாக்கிடம்! எங்கள் பதினோரு முத்துக்களும் மூன்று நாள் முழு ஓய்வில் இருந்தவர்கள். முதல் கோலை அடித்தது எங்கள் கேப்டன் ஹோல்ராய்டு. எங்கள் வலைக்குள். இரண்டாவதையும் அவன்தான் அடித்திருப்பான், பக்கத்தில் இருந்த எங்கள் ஆள் முந்திக்கொண்டான். இனிச் சனிக்கிழமை கால்டர்ஷாவை நூறு கோலில் வென்றாலும் ஒரு புள்ளி குறையும். மேல் பிரிவு போச்சு. ராத்திரி நான் சாப்பிடவில்லை. காலையில் எழுந்து பார்க்கிறேன், தொண்ணூற்றொரு வருடம் இல்லாமல் இருந்தோமே, தொண்ணூற்றிரண்டாவது வருடமும் இருந்துவிட்டுப் போவோம் என்று தோன்றியது. இப்போது எங்களிடம் மிச்சமிருப்பது உன் கோப்பை ஒன்றுதான். எவ்வளவு அழகான கோப்பை அது! அந்தக் கைப்பிடிகளும் மூடியும்! இவ்வளவு நாள் நான் சரியாகவே பார்த்ததில்லை.

அப்போ கிராப்ட்ரீ விஷயம் என்னாவது என்று கேட்பாய். அதை எப்படி உன்னிடம் சொல்லாமல் விழுங்குவது என்று நானும் கிடங்கில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன், அவனே ரொட்டி வண்டியோடு வந்து நின்றான். "தலைவரே, ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்கக்கூடாது. ஓர்ம்ஸ்லிக்கு நான் ஆடவே இல்ல. மாற்று ஆளா பெஞ்ச்ல உக்காந்திருந்தேன். தொண்ணூறு நிமிஷமும்."

"அப்புறம் ஏன்டா ஆடினேன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சே?"

"உக்காந்திருந்தேன்னு சொன்னா நீங்க சேத்திருப்பீங்களா?"

அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், கோட்டெல்லாம் மாவு. பதினான்காவது பக்கத்தைத் திருப்பிப் பார், களத்தில் காலை வைத்தால்தான் ஆடியதாகக் கணக்கு, உட்கார்ந்தவன் ஆடியவன் இல்லை. ஓர்ம்ஸ்லிக்காரர்களிடமும் போன் போட்டுக் கேட்டுவிட்டேன், அவன் எழுந்திருக்கவே இல்லை என்று சிரிக்கிறார்கள். ஆக, நான் என் வாழ்நாளில் யோசித்துச் செய்த ஒரே முறைகேடும் நடக்கவே இல்லை. இன்னொரு விஷயம், அரையிறுதியில் எதிரணி தன் முழு பலத்தோடு வர வேண்டும். பஸ் டிரைவரைக் கோலில் நிறுத்தினால் கோப்பையின் மாண்பு குறித்து நான் புகார் கொடுப்பேன். எழுத்துமூலமாக.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஹோல்ராய்டு பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கிடங்கு வாசலில் வந்து நிற்கிறான். "தலைவரே, நாளைக்கு நாங்க ஆடறோம். நமக்கு இருக்கறது இந்த ஒரு கோப்பைதானே" என்றான். ஹெஸ்கெத்தும் பின்னால் சிவப்பு கிளிப்புகளைக் கைநிறைய வைத்துக்கொண்டு தலையாட்டுகிறான். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: "வேண்டாம்ப்பா. நாளைக்கு பிக்கர்ஸ்டாஃப் கூட்டம் ஆடட்டும், காயம்பட்ட நாலு பேரும் அரையிறுதின்னதும் எழுந்து நடக்கறாங்க. நீங்க போய் நல்லா ஓய்வெடுங்க. சனிக்கிழமைக்கு எல்லாரும் தெம்பா வேணும், அந்த ஆட்டத்துலதான் இனிமே நமக்கு ஒண்ணுமே இல்ல."